நாலு எந்தப் பக்கம்

அந்த எஃகுப் பின்னைப் பழைய துணியில் துடைத்து அரைநூல் என் உள்ளங்கையில் வைத்தபோது மணி பத்து இருபது. எதற்கும் நேரம் பார்த்துக்கொள்வது என் பழக்கம். அன்றைக்கு அந்தப் பழக்கமே என்னை வதைத்தது. அதற்குப் பிறகு நான் எத்தனை நிமிடம் வீணாக்கினேன் என்பது இன்று வரை எனக்குத் துல்லியமாகத் தெரியும்.

அரைநூல் என்பது லேத்தில் இரும்பு கடையும் அந்த டர்னருக்குப் பட்டறைக்காரர்கள் வைத்த பெயர். அரை நூல் அளவு தப்பினாலும் பொருளைப் பழைய இரும்பில் வீசிவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கிற ஆள். எங்கள் வரைபட அலுவலகத்துக்கு வழக்கமாக லேத் வேலை செய்து தரும் பட்டறையில் அந்த மாதம் வேலை நெருக்கடி என்பதால், முதல் தடவையாக இவரிடம் ஐந்து பின் கடையக் கொடுத்திருந்தோம். நான் அன்று போனது வேறு ஒரு டிராயிங் கொடுக்க.

"உங்க டிப்போ பின்னு அஞ்சும் நேத்தே போயாச்சு சார். நாலு மாட்டறதுக்கு, ஒண்ணு கையிருப்புக்கு. ஆறாவதா ஒண்ணு எனக்காகக் கடைஞ்சு வச்சிருக்கேன். வர்றவங்க போறவங்ககிட்ட பெருமையடிக்க வேண்டாமா?"

விரல் நீளம், இருபது மில்லிமீட்டர் குறுக்களவு. கண்ணாடி மாதிரி பளபளத்தது. நான் அதைத் திருப்பினேன். நுனியைப் பார்த்தேன். பென்சில் சீவியதுபோல் இருந்தது.

என் பென்சிலில் வந்த நுனி அது இல்லை.

இங்கே கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். கம்பியின் முனையில் கூரான விளிம்பு இருந்தால் ஓட்டைக்குள் சுலபமாக நுழையாது. அதனால் அந்த விளிம்பைச் சரிவாகச் சீவி விடுவோம். அதற்கு சேம்ஃபர் என்று பெயர். டிராயிங்கில் அதைக் காட்ட ஒரு அம்புக்குறி போட்டு, இத்தனை மில்லிமீட்டர், இத்தனை டிகிரி என்று எழுதுவது வழக்கம். நான் எழுதியிருந்தது நாலு, முப்பது டிகிரி. டிகிரி நாற்பத்தைந்தாக இருந்தால் அந்த நாலைக் கம்பியின் நீளவாக்கில் அளந்தாலும் சரி, முனையின் வட்ட முகத்தில் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி அளந்தாலும் சரி, இரண்டும் ஒன்றுதான். முப்பது என்றால் ஒன்றில்லை. நீளவாக்கில் நாலு என்றால் சின்னச் சரிவு. முகத்தில் நாலு என்றால் சரிவு ஏறக்குறைய ஏழு மில்லிமீட்டருக்கு நீண்டுவிடும்.

எங்கள் வரைபட அறையில் ஒரு வழக்கம். அம்புக்குறி மேலே இருந்து வந்து தொட்டால் அளவு நீளவாக்கில். முனைப் பக்கமிருந்து வந்து தொட்டால் அளவு முகத்தில். நான் போட்டது மேலே இருந்து வந்தது. இதை யாரும் எங்கும் எழுதி வைத்ததில்லை. எங்கள் பழைய பட்டறைக்குத் தெரியும். ஊரில் உள்ள எல்லாருக்கும் தெரியும் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன் போல.

"இந்தச் சரிவு நீளம் எவ்வளவு வச்சீங்க?" என்று கேட்டேன்.

"ஏழு. ஒரு மயிரிழை குறைய."

"நான் நாலுதானே போட்டிருக்கேன்."

"நாலு முகத்துல இருக்குல்ல? வெர்னியர்ல பிடிச்சுப் பாருங்க. இருபதுல இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு போக நுனி பன்னெண்டு. அச்சு அசலா பன்னெண்டு."

வெர்னியர் அளவுகோலின் தாடைகளுக்கு நடுவில் பிடித்துப் பார்த்தேன். பன்னிரண்டுதான். பதினைந்தரைக்குக் கொஞ்சம் குறைய இருந்திருக்க வேண்டும்.

"நீளவாக்குல நாலு," என்றேன்.

"அப்படி எங்க போட்டிருக்கீங்க?" அரைநூல் சுவரில் கிளிப்பில் தொங்கிய என் டிராயிங்கைக் கழற்றி வந்து கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டார். "நாலு, முப்பது டிகிரி. எந்தப் பக்கம்னு இல்லையே. எங்க பட்டறைல முதல் நம்பர் எப்பவும் முகத்துலதான். அதைத்தான் வெர்னியர் பிடிக்கும்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"சந்தேகம் இருந்தாதானே சார் கேக்கறது."

எனக்கும்தான் சந்தேகம் இருந்ததில்லை.

"மாட்டிட்டாங்களா?"

"நேத்து சாயங்காலமே. இன்னிக்குக் காலைல முதல் பஸ் ஏத்தறோம்னு உங்க மச்சான்தானே போன் பண்ணாரு. பின்னு நறுக்குனு போய் உட்காருதுன்னு ஒரே பாராட்டு."

மச்சான் என்றது என் மனைவியின் அண்ணனை. பஸ் பணிமனையில் மெக்கானிக். பஸ்ஸைத் தூக்க அங்கே நாலு தூண் லிஃப்ட் ஒன்று உண்டு. ஆள் உயரத்துக்கு மேலே தூக்கி, ஒவ்வொரு தூணிலும் ஒரு பின் ஓட்டைக்குள் பாய்ந்து பூட்டிக்கொண்டதும், எண்ணெய் அழுத்தத்தைத் தளர்த்தி மொத்தப் பாரத்தையும் அந்த நாலு பின் மேல் உட்கார வைப்பார்கள். பதினோரு டன். அதன் அடியில் நின்றுதான் மச்சான் வேலை பார்ப்பார். பழைய பின்கள் தேய்ந்துவிட்டன என்று அவற்றில் ஒன்றைத் துணியில் சுற்றி வீட்டுக்கே கொண்டுவந்தவரும் அவர்தான். "ஆபீஸ் வேலைதானேன்னு தூக்கக் கலக்கத்துல போட்டுடாதீங்க மாப்பிள்ள. அடியில நிக்கறவன் உங்க சொந்த மச்சான். உங்க மேல உள்ள நம்பிக்கைல இல்ல, தங்கச்சிக்குப் பயந்தாவது நீங்க ஒழுங்கா போடுவீங்கன்ற நம்பிக்கைல கொடுக்கறேன்" என்று சிரித்தார்.

நான் உடனே கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. பட்டறை பெஞ்சில் உட்கார்ந்து, டிராயிங்கின் பின்பக்கத்தில் கணக்குப் போட ஆரம்பித்தேன். பின் ஓட்டைக்குள் போவது பத்து மில்லிமீட்டர். சரிவு நாலு போனால் பாரம் தாங்கும் நேரான பகுதி ஆறு. இப்போது ஏழு போய் மூன்று. மூன்று தாங்குமா? தாங்கும். அந்த எஃகுக்கு மூன்று தாராளம். ஒரு பெருமூச்சு விட்டேன். பிறகு இரண்டாவது வரி எழுதினேன். பின்னைப் பிடித்திருக்கும் கூடு தேய்ந்திருக்கிறது, பின் ஆடும். அடியில் சுத்தியல் அடி விழுந்துகொண்டே இருக்கும். மூன்று மில்லிமீட்டர் பின்வாங்கினால் பாரம் சரிவின் மேல் ஏறும். சரிவின் மேல் ஏறிய பாரம் பின்னை வெளியே தள்ளும். அதைத் தடுக்க இருப்பது ஒரு ஸ்பிரிங் மட்டும். கட்டை விரலால் அமுக்கிவிடக் கூடிய ஸ்பிரிங்.

மூன்றாவது வரி எழுதவில்லை. அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் நான் தேடியது சரியான விடையை அல்ல, யாருக்கும் போன் பண்ணாமல் இருக்க ஒரு காரணத்தை. பதினோரு வருட வேலையில் என் டிராயிங் தப்பென்று நான் யாருக்கும் போன் பண்ணியதில்லை.

பத்து முப்பத்திரண்டுக்கு மச்சானுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. லிஃப்ட் ஷெட்டுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, பெட்டியில் பூட்டி வைத்திருப்பார். பணிமனை அலுவலகத்துக்கு அடித்தேன்.

"லிஃப்ட்ல பஸ் ஏறியிருக்கா?"

"அது எனக்கு எப்படி சார் தெரியும்? நான் சம்பளப் பிரிவு."

"அடியில யாராவது இருந்தா உடனே வெளிய வரச் சொல்லுங்க. பின்ல தப்பு இருக்கு. தயவுசெஞ்சு."

"சரி சார், ஆள் வந்ததும் சொல்லி அனுப்பறேன். நீங்க எந்தக் கம்பெனி?"

போனை வைத்துவிட்டேன். ஸ்கூட்டர் சாவி எந்தப் பையில் என்று ஒவ்வொரு பையாகக் கவிழ்த்துப் பார்த்தேன். அரைநூல் அதற்குள் புதுக் கம்பியை லேத்தில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க போங்க சார். புதுசா அஞ்சும் இப்பவே போடறேன். நாலு எந்தப் பக்கம்னு மட்டும் வாயைத் தொறந்து சொல்லிட்டுப் போங்க."

"நீளவாக்குல."

"நீளவாக்குல," என்று திரும்பச் சொல்லிக்கொண்டார்.

பட்டறையிலிருந்து பணிமனை ஏழு கிலோமீட்டர். வழியில் நாலு சிக்னல். மூன்றாவது சிக்னலில் போன் அடித்தது. மச்சான்தான் என்று நினைத்து எடுத்தேன். மனைவி.

"அண்ணன் ஒரு மணிக்கு இங்கதான் சாப்பிட வருது. நீங்களும் வந்துடுங்க, ரெண்டு பேருக்கும் சேர்த்து எடுத்து வைக்கறேன்."

"சரி."

"என்ன, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"வண்டில இருக்கேன்."

பச்சை விழுந்தது. பின்னாலிருந்த லாரிக்காரன் ஹாரனில் ஏறி உட்கார்ந்துவிட்டான். ஒரு மணி, ஒரு மணி என்று மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு மணிக்கு வாசலில் நின்று அவளிடம் நான் என்ன சொல்வேன்? அம்புக்குறி மேலே இருந்து வந்தால் ஒரு அர்த்தம், பக்கத்திலிருந்து வந்தால் வேறு அர்த்தம் என்றா?

பணிமனை வாசலில் காவலாளி பதிவேட்டைத் திருப்பி வைத்தார். பெயர், வண்டி எண், வந்த நேரம், வந்த நோக்கம். நோக்கத்தில் பேனா நின்றுவிட்டது. உண்மையை எழுதினால் கேள்வி கேட்பார், கேட்டால் இன்னும் ரெண்டு நிமிடம். "மச்சானைப் பார்க்க" என்று எழுதினேன். நேரம் பத்து ஐம்பத்தொன்பது.

"சொந்தக்காரங்களைப் பாக்கறதெல்லாம் சாப்பாட்டு நேரத்துலதான் சார்," என்றார். நான் அதற்குள் பாதி முற்றத்தைத் தாண்டியிருந்தேன்.

ஷெட்டுக்குள் வெயிலிலிருந்து நுழைந்ததும் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு பஸ் தெரிந்தது. தலைக்கு மேலே, சக்கரங்கள் அந்தரத்தில். அதன் அடியில் விளக்கு வெளிச்சத்தில் இரண்டு கால்கள். யாரோ மெல்லிசாகச் சீட்டியடித்துக்கொண்டிருந்தார்கள். அது மச்சான் சீட்டி. ராகம் சேராது.

நான் அவரைக் கூப்பிடவில்லை. முதலில் தூண்களைப் பார்த்தேன். ஒவ்வொரு தூணின் கூட்டுக்கு வெளியிலும் பின்னின் வால் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். வால் எவ்வளவு வெளியே இருக்கிறதோ, அந்த அளவுக்குத் தலை உள்ளே குறைவு. முதல் தூண், சரி. இரண்டாவது, சரி. நாலாவதும் அதே அளவு. மூன்றாவதில் வால் மற்றவற்றைவிட நீளமாக இருந்தது. ரெண்டு மில்லிமீட்டர் இருக்கும். பதினோரு வருடம் கோடு போட்ட கண்ணுக்கு ரெண்டு மில்லிமீட்டர் என்பது கதவு திறந்து கிடப்பது மாதிரி.

அப்படியானால் நேரான பகுதியில் மிச்சம் ஒன்று.

கீழே மச்சான் ஸ்பேனரைச் சுத்தியலால் ஒரு போடு போட்டார். வால் நடுங்கியது.

"மச்சான்."

"யாரு? அட, மாப்பிள்ளயா? என்ன, பென்சில் எல்லாம் ஷெட்டுக்கு எறங்கி வந்திருக்கு?"

"அடிக்காதீங்க. சுத்தியலைக் கீழ வைங்க."

"எண்ணெய் மூடி கழல மாட்டேங்குது. நாலு போடு போட்டாதான் வழிக்கு வரும். இருங்க, ரெண்டே நிமிஷம்."

கத்தினால் திடுக்கிட்டு எதிலாவது இடித்துக்கொள்வார். வீட்டில் உடம்பு சரியில்லை என்று ஒரு பொய் சொன்னால் ஓடி வருவார், ஓடினாலும் ஆபத்து. குரலை உயர்த்தாமல், உள்ளதைச் சொன்னேன்.

"மச்சான், பின் தப்பு. என் டிராயிங் தப்பு. மூணாவது தூண்ல பின் வெளிய வந்துட்டிருக்கு. எதையும் தொடாம, மெதுவா, என் பக்கம் வாங்க."

சுத்தியல் தரையில் வைக்கப்படும் சத்தம்கூடக் கேட்கவில்லை, அவ்வளவு மெதுவாக வைத்தார். பிறகு குனிந்து, தலை எதிலும் படாமல், ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து வந்தார். ஆறு எட்டு வைத்திருப்பார். எனக்கு எண்ண வரவில்லை. நான் வாலையே பார்த்துக்கொண்டிருந்தேன், என் கண்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிற மாதிரி.

வெளியே வந்ததும் அவர் கையைப் பிடித்தேன். எண்ணெயில் வழுக்கியது. மறுபடி பிடித்தேன்.

"விடுங்க மாப்பிள்ள, வந்துட்டேன்ல," என்றார். ஆனால் அவரும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

ஷெட் மேஸ்திரி அந்தக் கோடியிலிருந்து வந்தார். "வேலையை விட்டுட்டு என்னய்யா ரெண்டு பேரும் கை கோத்துட்டு நிக்கறீங்க?" நான் சொன்னேன். அவர் தூணைப் பார்த்தார். "பாரம் உட்கார்ந்துட்டா அசையாதே," என்றார், ஆனால் அதைச் சொல்லிக்கொண்டே ரெண்டு அடி பின்னால் போனார்.

பஸ்ஸை இறக்க வேண்டும். இறக்குவதற்கு முதலில் கொஞ்சம் தூக்க வேண்டும், அப்போதுதான் பின் மேலிருந்து பாரம் விலகும். அடியில் தாங்கி வைத்துவிட்டுத் தூக்கலாம் என்று மச்சான் சொன்னார். "ரெண்டு தாங்கி போதும். நான் போய் வச்சிட்டு வந்துடறேன்."

"யாரும் உள்ள போகக் கூடாது," என்றேன். அந்தக் குரலில் நான் அவரிடம் அதற்கு முன் பேசியதில்லை. அவர் என்னைவிட எட்டு வயது மூத்தவர்.

மேஸ்திரி ஷெட்டிலிருந்த எல்லாரையும் முற்றத்துக்கு அனுப்பினார். சுவிட்ச் பெட்டி தூணிலிருந்து பத்தடி. கையை நீட்டி, உடம்பைப் பின்னால் வைத்துக்கொண்டு, பொத்தானை அமுக்கினார். மோட்டார் உறுமியது. லிஃப்ட் முழுக்க ஒரு உலுக்கல். மூன்றாவது வால் இன்னும் கொஞ்சம் வெளியே வந்ததை நான் பார்த்தேன். அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. மச்சானின் விரல்கள் என் தோளில் பதிந்தன. அடுத்து பஸ் ஒரு விரல்கடை மேலே எழும்பியது, பாரம் விலகியது, ஸ்பிரிங் பின்னை உள்ளே தள்ளியது. டக்.

பஸ் தரைக்கு வர ஏழு நிமிடம். வந்து நின்ற பிறகு சம்பளப் பிரிவு அனுப்பிய ஆள் வந்து சேர்ந்தான். "அடியில யாரும் இருக்கக் கூடாதாம், போன் வந்துச்சாம்," என்றான்.

மூன்றாவது பின்னைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தோம். நேரான பகுதியின் ஓரத்தில் நகக்கீறல் அகலத்துக்கு ஒரு பளபளப்பு. பாரம் உட்கார்ந்திருந்த இடம் அவ்வளவுதான். அதை அடுத்து, சரிவின் மேலேயே ஒரு சின்னச் சிராய்ப்பு தொடங்கியிருந்தது. மச்சான் அந்தச் சிராய்ப்பைக் கட்டை விரலால் தடவினார். துடைத்தால் போய்விடும் என்பது போல மறுபடி தடவினார்.

"அறிக்கை எழுதணும். யார் மேல எழுதறது? கடைஞ்சவன் மேலயா?" என்று மேஸ்திரி கேட்டார்.

"கடைஞ்சவர் டிராயிங்ல இருக்கறதைத்தான் கடைஞ்சார். என் மேல எழுதுங்க."

மேஸ்திரி மேசையிலேயே புது டிராயிங் போட்டேன். இந்தத் தடவை அம்புக்குறியை நம்பவில்லை. சரிவு தொடங்குகிற இடத்திலிருந்து ஒரு கோடு, முடிகிற முகத்திலிருந்து ஒரு கோடு, இரண்டுக்கும் நடுவில் நாலு. முப்பது டிகிரியை வளைகோடு போட்டு, கம்பியின் நடுக்கோட்டிலிருந்து அளப்பது என்று காட்டினேன். கடைந்து முடித்தவர் சரிபார்த்துக்கொள்ள, நுனியின் குறுக்களவையும் அடைப்புக்குள் எழுதினேன். முன்பு போட்டதைவிட மூன்று கோடு, ஒரு எண் அதிகம். வளைகோடு முதலில் கோணலாகப் போக, அழித்து மறுபடி போட்டேன்.

மச்சான் என் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். டிராயிங் பார்த்துப் பழக்கமில்லாதவர்.

"நாலு இந்த நீளத்துலதானே?" என்று விரலை வைத்தார்.

"ஆமா."

"எனக்கே புரியுதே." வைத்த விரலை எடுக்கவில்லை. பிறகு, "மாப்பிள்ள, பழைய மாதிரி வேற எத்தனை போட்டிருப்பீங்க?"

பென்சிலைக் கீழே வைத்தேன். பஸ்ஸின் அடியில் அவர் நின்றபோதுகூட நான் அவ்வளவு பயந்ததில்லை.

ஒரு மணிக்கு நாங்கள் வீட்டுக்குப் போகவில்லை. நேரமாகும் என்று மச்சான் தங்கைக்குப் போன் பண்ணினார், காரணம் சொல்லவில்லை. எண்ணெய்ச் சட்டையோடு என் அலுவலகத்துக்கு வந்து, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, நான் இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்த டிராயிங்குகளை இரண்டாகப் பிரித்தார். நாற்பத்தைந்து டிகிரி எல்லாம் இந்தப் பக்கம், அதில் பயமில்லை. மற்றவை அந்தப் பக்கம். பதினோரு வருடத்தில் அந்தப் பக்கம் சேர்ந்தது இருபத்து மூன்று. எது எந்தப் பட்டறைக்குப் போனது, எது யாருக்கு மறுபடி நகலெடுக்கப்பட்டது, எனக்குத் தெரியாது.

"நான் பேரைப் படிக்கறேன், நீங்க அடிங்க," என்றார்.

முதலாவது ஒரு மாவு மில். நுனியை அளந்து சொன்னார்கள், சரியாக இருந்தது. இரண்டாவதும் ஒரு மில், அதையே மூடிவிட்டார்கள். மூன்றாவது ஒரு விளையாட்டு மைதானம். ஜனங்கள் உட்காருகிற மடக்குப் படிவரிசை. அதைப் பூட்டுகிற பன்னிரண்டு பின்.

மணி போய்க்கொண்டே இருந்தது. எதிர்முனையில் யாரும் போனை எடுக்கவில்லை. வைத்துவிட்டு மறுபடி அடித்தேன்.

"இன்னிக்கு என்ன கிழமை?" என்று கேட்டார் மச்சான்.

"சனி. சாயங்காலம் மைதானத்துல கூட்டம் இருக்கும்."

அவர் எழுந்தார். மூன்றாவது தூணில் கழற்றிய பின்னைத் துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு, மேசை மேலிருந்த என் ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

"நீங்க பின்னால உட்கார்ந்து அடிச்சுக்கிட்டே வாங்க. வெர்னியரை மறக்காதீங்க."

படியிறங்கும்போதும் என் காதில் அந்த மணி போய்க்கொண்டே இருந்தது.